பட்டுச் சாயமும் ஊர்த் தண்ணீரும்

காஞ்சீபுரம் பட்டுப் புடவையின் பெருமையைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியமில்லை. கோர்வை பிடிப்பதன் நுட்பமும், ஜரிகையின் தரமும், பாவின் இழைக் கணக்கும் இதை வாசிக்கும் நேயர்களுக்கு எம்மைக் காட்டிலும் நன்றாகத் தெரியும். ஆயினும் அப்புடவை தறியில் ஏறுவதற்கு முன் பட்டு நூல் இருமுறை அண்டாவில் இறங்குகிறது. முதல் தடவை பசை நீங்குவதற்கு. இரண்டாம் தடவை நிறம் ஏறுவதற்கு. இவ்விரண்டு அண்டாக்களின் தண்ணீரும் பிற்பாடு எங்கே போகிறது என்ற விஷயம் நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. கூலி, நூல் விலை, தள்ளுபடி, பாக்கி ஆகியவற்றைப் பேசி முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. ஆகையால் அவ்விஷயத்தை இப்பாடத்தில் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பசை எடுப்பதைக் கவனிப்போம். பட்டுப் புழு உமிழும் இழை ஒரே பொருளன்று. நடுவிலே பைப்ராயின் என்னும் உறுதியான இழையும், அதைச் சுற்றிலும் செரிசின் என்னும் பசையும் உள்ளன. இரண்டும் புரத வகையைச் சேர்ந்தவை. கச்சாப் பட்டின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரையில் இந்தப் பசையே இருக்கிறது. அது போனால்தான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வரும். சாயமும் சீராக ஏறும். வழக்கமான முறையில் பட்டின் எடைக்கு நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை சவுக்காரம் கரைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, அதாவது 95 டிகிரிச் சூட்டில், ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வேகவைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோ கச்சாப் பட்டை அவித்தால் இரண்டு முதல் இரண்டரைக் கிலோ பசை தண்ணீரில் கரைகிறது. அத்துடன் இரண்டு மூன்று கிலோ சவுக்காரமும் சேர்ந்து சாக்கடைக்குச் செல்கிறது. பசையில் விஷம் ஒன்றுமில்லையே, அது புழு உண்டாக்கிய பொருள்தானே என்று சிலர் கேட்கக்கூடும். விஷம் இல்லை என்பது உண்மையே. ஆனால் புரதம் தண்ணீரில் அழுகும்பொழுது அதைச் சிதைக்கும் கிருமிகள் அத்தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. 30 டிகிரி வெப்பமுள்ள நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுதான் அடங்கும். ஒரு கிலோ புரதம் முற்றிலும் சிதைவதற்கு ஒரு கிலோவுக்குக் குறையாத பிராணவாயு வேண்டும். அதாவது இரண்டு கிலோ பசையானது இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும்! சவுக்காரத்தின் கணக்கு இதில் சேரவில்லை. ஓடுகிற ஆறாயின் காற்றிலிருந்து புதிய பிராணவாயு சேர்ந்துகொண்டே வரும். வருஷத்தில் பெரும் பகுதி மணலாகவே கிடக்கும் வேகவதியிலும், தேங்கி நிற்கும் குட்டையிலும் அதற்கு வழி ஏது? மீன் செத்து மிதப்பதும், முட்டை அழுகிய நாற்றம் வீசுவதும் இதனால்தான்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடுவது பொருத்தமாகும். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்த சரஸ் திருக்குளத்திலிருந்து அத்தி வரதர் 1979-ஆம் ஆண்டிலும், நாற்பது ஆண்டுகளுக்குப்பின் 2019-ஆம் ஆண்டிலும் எழுந்தருளியதை அங்கத்தினர் பலர் சேவித்திருப்பீர்கள். மரமானது நனைந்தும் உலர்ந்தும் இருந்தால் சீக்கிரம் உளுத்துப்போகும். எப்பொழுதும் நீருக்குள்ளேயே மூழ்கியிருந்தால், பிராணவாயு கிட்டாமையால், அதை அரிக்கும் காளான்கள் வளர்வதில்லை. மரத்தைக் காக்கும் அதே நிலைமை மீனுக்கு யமனாகிறது. தண்ணீர் என்பது வெறும் ஈரமன்று. அதற்குள் எவ்வளவு காற்று அடங்கியிருக்கிறது என்பதே அதன் உயிர்நிலை.

இனி, சவுக்காரச் செலவைக் குறைக்கும் வழியைச் சொல்வோம். இதில் ஊருக்கும் லாபம், சங்கத்துக்கும் லாபம்.

கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அதைக் கடின நீர் என்பர். அந்நீரில் சவுக்காரத்தைப் போட்டால் முதலில் சுண்ணாம்புடன் சேர்ந்து வெள்ளைத் திரியாகத் திரண்டுவிடும். சுண்ணாம்பு முழுவதும் தீர்ந்தபிறகே நுரை எழும். சுண்ணாம்புச் சத்து ஒரு கிராமுக்குச் சவுக்காரம் சுமார் ஆறு கிராம் வீணாகிறது என்பது ரசாயனக் கணக்கு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினமுள்ள கிணற்று நீரை 300 லிட்டர் அண்டாவில் நிரப்பினால் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட சவுக்காரம் பட்டைத் தொடாமலே போய்விடும். நஷ்டம் அதோடு நிற்பதில்லை. அந்தத் திரி நூலில் ஒட்டிக்கொண்டு, பிறகு சாயம் ஏறும்போது திட்டுத்திட்டாகக் காட்டும். சாயக்காரர் கைக்குற்றம் என்று கூலியைப் பிடிக்கும் சந்தர்ப்பங்களில் பாதிக்குத் தண்ணீரே காரணம் என்பது எமது அபிப்பிராயம்.

பரீட்சை எளிது. ஒரே அளவான இரு சீசாக்களில் ஒன்றில் மழை நீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் பாதியளவு ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு சவுக்காரக் கரைசல் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பாருங்கள். நிலைத்த நுரை எதில் எத்தனை சொட்டில் வருகிறது என்பதே விடை. மழை நீரில் சுண்ணாம்பு இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், வழிந்ததும் உறிஞ்சியதும் போக, 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். தமிழ்நாட்டில் கட்டிடந்தோறும் மழை நீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலும் அந்நீர் பூமிக்குள் விடப்படுகிறது. அது நல்லதே. எனினும் சாயப்பட்டறையின் கூரை நீரை மட்டும் மூடிய தொட்டியில் நிறுத்தி, பட்டு அவிக்க வைத்துக்கொள்ளுதல் உத்தமம். பாலாற்றுத் தண்ணீரால்தான் காஞ்சீபுரத்துப் பட்டுக்கு அந்த மினுமினுப்பு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தண்ணீரின் குணம் பட்டின் குணத்தை மாற்றும் என்ற அனுபவம் அப்பேச்சில் இருக்கிறது.

சவுக்காரமே இல்லாமல் பசை எடுக்கும் முறைகளையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஒன்று, புரதத்தைக் கரைக்கும் நொதிகளைக் கொண்டு பசையை நீக்குவது. பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் இவ்வகையைச் சேர்ந்தது. கிருமிகளிலிருந்து எடுக்கும் நொதிகளும் உண்டு. இவற்றில் பல 55 முதல் 60 டிகிரிச் சூட்டிலேயே வேலை செய்கின்றன. 30 டிகிரித் தண்ணீரை 95-க்கு ஏற்ற 65 டிகிரி ஏற்ற வேண்டும். 55-க்கு ஏற்ற 25 டிகிரி போதும். ஆகவே தண்ணீரைச் சூடேற்றும் விறகுச் செலவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. மற்றொன்று, அழுத்தம் தாங்கும் மூடிய பாத்திரத்தில் வெறும் தண்ணீரிலேயே 115 அல்லது 120 டிகிரிச் சூட்டில் அவிப்பது. பிரஷர் குக்கரில் பருப்பு வேகும் தத்துவந்தான். இம்முறையில் கிடைக்கும் கழிவில் பசையும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லாமையால் பசையைத் தனியே பிரித்தெடுப்பது எளிதாகிறது. செரிசின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணமுடையது. மேனிக்குப் பூசும் களிம்புகளிலும் பிறவற்றிலும் அதைச் சேர்க்கிறார்கள். சவுக்காரக் கழிவிலிருந்து அதைப் பிரிப்பது கஷ்டம். பெங்களூரில் மத்திய பட்டு வாரியத்தின் பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1983 முதல் நடைபெற்று வருகிறது. புது முறைகளைப் பற்றிய ஐயங்களை அங்கே எழுதிக் கேட்டறியலாம். நொதி முறையில் ஒரு ஜாக்கிரதை தேவை. நேரம் மிஞ்சினால் நொதி, பசையோடு இழையையும் தாக்கும். சிறிய அளவில் பரீட்சித்து, நூலின் பலத்தைச் சோதித்த பின்னரே முழுப் பாவுக்கும் கையாளவேண்டும்.

இப்பொழுது சாயத்துக்கு வருவோம்.

1856-ஆம் ஆண்டில் பதினெட்டு வயது நிரம்பிய வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கிலேயர் கொயினா மருந்தைச் செய்ய முயன்று, தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அது முதலில் ஏறியதும் பட்டில்தான். 1897-இல் பி.ஏ.எஸ்.எப். என்னும் ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் தென்னாற்காட்டிலும் பிற ஜில்லாக்களிலும் அவுரிச் சாகுபடி சில ஆண்டுகளில் நசிந்தது. இன்று காஞ்சீபுரத்துப் பட்டறைகளில் வழங்குவன பெரும்பாலும் அமிலச் சாயங்கள். அண்டாவில் அசெடிக் அமிலம் சேர்க்கும்பொழுது பட்டின் புரதத்தில் உள்ள சில தொகுதிகள் மின் ஏற்றம் பெற்று, எதிர் ஏற்றமுள்ள சாயத்தைக் கவர்ந்துகொள்கின்றன. அமிலம் போதாவிட்டாலோ, சூடு போதாவிட்டாலோ, நேரம் போதாவிட்டாலோ சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடும். தங்கிய சாயம் சாக்கடைக்குப் போகிறது. பட்டின் மேல் அரைகுறையாக ஒட்டியதோ முதல் மழையில் மாமியாரின் வெள்ளை ரவிக்கைக்குப் போகிறது. ஆகவே சாயம் தீர்ந்து அண்டா நீர் ஏறக்குறையத் தெளிந்திருப்பதே நல்ல சாயக்காரருக்கு அடையாளம். நூலை 40 டிகிரியில் இறக்கி, மெதுவாக 85 அல்லது 90 வரை ஏற்றி, கழிகளை ஓயாமல் திருப்பிக்கொண்டிருந்தால் நிறமும் சீராகும், சாயமும் மிஞ்சாது. சூடளக்கும் கருவி ஒன்றும், அமிலம் காட்டும் காகிதமும் வாங்கிக் கொடுப்பது சங்கத்துக்குப் பெரிய செலவன்று.

தண்ணீரின் அளவும் முக்கியம். பத்துக் கிலோ நூலுக்குச் சிலர் 400 லிட்டர் வைக்கின்றனர். நூல் தாராளமாகப் புழங்க 200 முதல் 300 லிட்டர் போதுமென்பது சாய நூல்களின் கொள்கை. 400 லிட்டரை 30-லிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற 24,000 கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி தரும். திறந்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கே அண்டாவைச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 70 கிலோ விறகு எரியும். 200 லிட்டரே வைத்தால் 35 கிலோ. அண்டாவைச் சுற்றி மண்ணும் செங்கல்லும் வைத்து மூடிய அடுப்பும் புகைபோக்கியும் கட்டினால் இன்னும் குறையும். சாயக்காரர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அதனால் வரும் சுகம் வேறு.

அலசும் நீரிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. மூன்று முறை அலசுகிறோம் என்றால், மூன்றாம் அலசு நீர் ஏறக்குறையச் சுத்தமானது. அதைக் கொட்டாமல் வைத்திருந்து அடுத்த கழிகளின் முதல் அலசுக்கு உபயோகிக்கலாம். வெளிர் நிறங்களைக் காலையிலும் ஆழ்ந்த நிறங்களைப் பிற்பகலிலும் முறைப்படுத்தினால் அண்டாவைத் தேய்த்துக் கழுவும் தண்ணீரும் மீதியாகும். அரக்கு நிறம், கருநீலம் முதலியவற்றுக்கு மிஞ்சிய அண்டா நீரைக் கொட்டாமல், குறைந்த சாயத்தை மட்டும் நிரப்பி மறுபடி அதே நிறத்துக்குப் பயன்படுத்துவதும் உண்டு. இது அனுபவசாலிகளுக்கே கைவரும். புதியவர் முயன்றால் நிறம் பிறழும்.

விஷமுள்ள சாயங்களைப் பற்றி எச்சரிப்பது எமது கடமை. 1895-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். அஸோ வகைச் சாயங்களில் சில, உடலில் சிதைந்து பென்ஸிடின் போன்ற நச்சுப் பொருள்களைத் தருவது பிற்காலத்து ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஜெர்மனி 1994-இல் அத்தகைய சாயமேறிய துணிகளைத் தடுத்தது. நம் தேசத்தில் பென்ஸிடினிலிருந்து பிறக்கும் 42 சாயங்கள் முன்னரும், மேலும் 70 அஸோ சாயங்கள் 1997-லும், ஆக 112 சாயங்கள் தடுக்கப்பட்டன. அஸோச் சாயம் எல்லாமே விஷமென்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலானவை அப்பட்டியலில் இல்லை. ஆனால் கடையில் பொட்டலமாக, பெயரின்றி, வெறும் ‘சிவப்பு நம்பர் இரண்டு’ என்று விற்கும் சாயத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? தணிக்கையின்போது பட்டறைக் கணக்கைப் பார்த்தால் ‘சாயம்’ என்ற ஒரே வார்த்தையின் கீழ் ஒரு மாதத்துச் செலவு முழுவதும் எழுதப்பட்டிருப்பதுண்டு. கம்பெனிப் பெயர், சாயத்தின் பெயர், வரிசை எண், நிறை ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். தடுக்கப்பட்ட சாயம் கலக்கவில்லை என்ற அத்தாட்சியை விற்பவரிடம் கேட்டுப் பெற்றுக் கோப்பில் வைக்கவேண்டும். கையுறையின்றி அண்டாவில் கையை விடும் சாயக்காரர் நம் அங்கத்தினர், அல்லது அங்கத்தினரின் சகோதரர். அவருடைய கை நிறம் மாறியிருப்பதைத் தொழிலின் அடையாளம் என்று நாம் வாளாவிருப்பது முறையாகாது.

அப்படியானால் பழைய இயற்கைச் சாயங்களுக்கே திரும்பிவிடலாமே என்று சிலர் உற்சாகமாகக் கூறுகின்றனர். சாயவேர், மஞ்சிட்டி, அவுரி, கடுக்காய், அரக்கு ஆகியவற்றின் அழகை யாரும் மறுக்க இயலாது. விலை கொடுத்து வாங்குவோரும் உள்ளனர். ஆனால் மூன்று விஷயங்களை மறவாதீர்கள். மஞ்சள் முதலான சில நிறங்கள் வெயிலில் வெளுக்கும். சாயம் ஒட்டுவதற்குப் படிகாரம் இட்டால் தீங்கு சொற்பம். குரோமிய உப்பை இட்டால் இயற்கைச் சாயம் என்ற பெயர் மாத்திரமே மிஞ்சும். மேலும் ஒரு கிலோ பட்டுக்கு வேரும் பட்டையும் சில சமயம் அதே நிறை, சில சமயம் அதற்கு மேலும் வேண்டியிருப்பதால், எல்லாப் பட்டுக்கும் காட்டையே நம்புவது நடவாத காரியம். சிலவகைப் புடவைகளுக்குத் தனி விலை வைத்து நடத்தலாம் என்பதே எமது துணிபு.

சாயக் கழிவை அலட்சியம் செய்த ஊர் எந்த நிலையை அடையும் என்பதற்குத் திருப்பூரே சாட்சி. அங்கே பருத்திப் பின்னலாடைக்குச் சாயமிடும்போது உப்பு ஏராளமாகச் செலவாகிறது. கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரைக் குடியானவரே வேண்டாமென்று சொல்லும்படி ஆயிற்று. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியேறாதபடி கழிவைச் சுத்திகரித்து, உப்பையும் நீரையும் மீட்டெடுக்கும் நிலையங்களைப் பெருஞ் செலவில் நிறுவிய பிறகே பட்டறைகள் மீண்டும் இயங்கின. அதுவரையில் வேலையின்றி இருந்தவர் கூலிக்காரரே. நம் பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் ஊர்களைப் பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பும் இவ்வகையினதே.

பட்டுச் சாயத்துக்கு அவ்வளவு உப்பு வேண்டியதில்லை. அளவிலும் நம் கழிவு திருப்பூருக்கு ஈடாகாது. ஆகையால் நமக்கு அவ்வளவு பெரிய நிலையம் அவசியமில்லை. நேரத்தில் தொடங்கினால் சிறிய ஏற்பாடே போதும். வீட்டுக்கு வீடு அண்டா வைத்திருந்தால் யாராலும் கழிவைச் சுத்தி செய்ய முடியாது. பிள்ளையார்பாளையத்திலோ, அய்யம்பேட்டையிலோ, முத்தியால்பேட்டையிலோ சங்கத்தின் பொதுச் சாயப்பட்டறை ஒன்று இருந்தால், அவித்த நீரையும் சாய நீரையும் தனித்தனித் தொட்டிகளில் விடலாம். சாய நீரின் அமிலத்தைச் சுண்ணாம்பால் தணித்து, படிகாரம் இட்டுக் கலக்கி நிறுத்தினால் நிறத்தில் ஒரு பகுதி அடியில் படியும். மேல் நீரை மணலிலும் கரியிலும் வடிக்கலாம். அவித்த நீருக்குக் காற்றூட்டும் தொட்டி தேவை. வெளியே விடும் நீரில், கிருமிகள் மூன்று நாளில் உண்ணும் பிராணவாயுவுக்கு ஒத்த அழுக்கு, உள்நாட்டு நீர்நிலையாயின் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மிகாமலும், நிலத்தில் பாய்ச்சுவதாயின் 100-க்கு மிகாமலும் இருக்கவேண்டுமென்பது விதி. அடியில் தங்கும் வண்டலை வயலுக்கு எருவாக இடவே கூடாது.

பணம் எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பே. ஒருவரால் முடியாததைப் பலர் சேர்ந்து முடிப்பதற்கே சங்கம் ஏற்பட்டது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் அதே ஆண்டு அக்டோபரில் நகரக் கடன் சங்கம் பதிவான ஊர் காஞ்சீபுரமேயாகும். அவ்வழியில் நம் முன்னோர் நாட்டுக்கே முன்னே நின்றனர். பொதுப் பட்டறையின் செலவைப் புடவையொன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சபையில் வைத்தால், சவுக்காரத்திலும் விறகிலும் சாயத்திலும் மீதியாகும் தொகை அதில் எத்தனை பங்கை ஈடுசெய்யும் என்பது அங்கத்தினருக்கே விளங்கும். சாயமிடும் பயிற்சிக்கும், நிறத்தின் உறுதியைச் சோதிப்பதற்கும் காஞ்சீபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. சலவைக்கு நிறம் தாங்கும் உறுதியை 1 முதல் 5 வரையிலும், வெயிலுக்குத் தாங்குவதை 1 முதல் 8 வரையிலும் எண் கொடுத்துக் கணிப்பார்கள். எண் பெரிதாயின் நிறம் உறுதி.

இவற்றையெல்லாம் தொடங்குமுன் பட்டறைக்கு அருகிலுள்ள கிணறுகளின் தற்போதைய நிலைமையை அறிந்துகொள்வது அவசியம். குடிநீருக்கான இந்திய அளவு முறைப்படி கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ளும், கரைந்த உப்புகள் மொத்தம் 500-க்குள்ளும் இருத்தல் நலம். வேறு நீர் கிட்டாதவிடத்து முறையே 600, 2,000 வரை பொறுக்கலாம். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் மாதிரி எடுக்கவேண்டும். ஒரு லிட்டர் சீசாவை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலம்புங்கள். பம்பு ஐந்து நிமிஷம் ஓடியபின் வரும் நீரைக் கழுத்து மட்டும் காற்றில்லாமல் நிரப்பி மூடுங்கள். கிணறு யாருடையது, பட்டறையிலிருந்து எத்தனை அடி தூரம், தேதி, மணி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, வெயில் படாமல் அன்றைக்கே பரிசோதனைச் சாலையில் சேர்ப்பித்து, ரசீது பெற்றுச் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்துவிடுங்கள்.